அவர் குரலுக்கு இடம் விடுங்கள்

அந்த ஆல்பத்தை வெளியிட்ட இசை நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கும், அதன் பீட்டுகளை, அதாவது ராப் வரிகளுக்கு அடியில் ஓடும் தாள இசையை, தேர்வு செய்த குழுவினருக்கும்,

வணக்கம்.

கடந்த மாதம் தாங்கள் வெளியிட்ட, நம் மூத்த ராப் கலைஞரின் ஆல்பத்தைப் பற்றியே இம்மடல். அது யாருடையது, எத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தது என்பதெல்லாம் தங்களுக்கே தெரியும் என்பதால், என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அடுத்த ஆல்பத்தையாவது, பீட் அமைக்கும் ஒரே தயாரிப்பாளரின் பொறுப்பில் விட்டு, அவரும் நம் ராப் கலைஞரும் ஒரே அறையில் உட்கார்ந்து பீட்டுகளைத் தேர்ந்தெடுக்க வழிசெய்யுங்கள்.

14 பாடல்களுக்கு 11 தயாரிப்பாளர்கள் என்பதைப் பார்த்தபோதே மனம் துணுக்குற்றது. நான்காம் பாடலைக் கேட்டதும் அது வருத்தமாகவே மாறிவிட்டது. மறைந்த தம் தாயைப் பற்றி அவர் முதன்முறையாக வாய் திறந்திருக்கும் பாடல் அது. அவருடைய குரல் இயல்பிலேயே கனத்தது. வயது அதை மேலும் தாழ்த்தியிருக்கிறது. அந்தத் தாழ்ந்த ஓசைக்குரிய இடம் முழுவதையும் 808 தாள இயந்திரத்தின் பேஸ் ஒலி அடைத்துக்கொள்ள, மேலே ஹை-ஹேட் என்ற தாளத் தட்டு ஓயாமல் பொரிந்துகொண்டிருக்க, நடுவில் அவருடைய சொற்கள் நசுங்கிக் கிடக்கின்றன. எதுகையை முடித்ததும் ஒரு கணம் நிறுத்தி, ஸ்னேர் டிரம்மின் அடி விழுந்த பிறகே அடுத்த வரியை எடுப்பது அவர் பாணி. நிமிடத்துக்கு 90 தாள அடி போகும் பீட்டில் பழகிய மூச்சு அது. இந்தப் பாடலில் அந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றிலும் வேறொருவரின் கூவல் வந்து விழுகிறது. இரண்டாம் பத்தியின் கடைசி வரியை ஹெட்ஃபோனில் ஆறு முறை திருப்பிக் கேட்டும் அதன் முடிவு எனக்குப் பிடிபடவில்லை. எழுத்தில் தேடிப் படித்த பிறகே, தாயின் கடைசி இரவைப் பற்றி அவர் சொல்ல வந்தது புரிந்தது. இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவர் சொல்லும்போது, அது காதில் விழ வேண்டாமா?

அவர் வேறொரு பீட்டின் மேல் பாடிக் கொடுத்துவிட்ட பிறகு, அவரில்லாமலேயே பீட்டை மாற்றியிருக்கிறீர்கள் என்பதை அவருடைய நேர்காணலில்தான் அறிந்தேன். பீட்டைக் கேட்டுத்தான் ராப் கலைஞர் வரியின் நீளத்தையும், எந்த அசையில் அழுத்தம் விழ வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறார். பின்னணித் திரையை மாற்றுவதுபோல் அதை மாற்ற முடியாது.

புதிய ஓசையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அமெரிக்க ராப் கலைஞர் நாஸின் முதல் ஆல்பம் 1994-இல் வந்தபோது, பின்னாளில் தயாரிப்பாளரான ஹிட்-பாய் ஒரு சிறுவன். அந்த ஹிட்-பாயோடு சேர்ந்துதான் நாஸ் 2020 முதல் 2023 வரை ஆறு ஆல்பங்கள் தந்தார். அவற்றில் முதலாவது அவருக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது, ஆறாவது அவருடைய 50-ஆம் பிறந்தநாளன்று வெளிவந்தது. இன்னொரு அமெரிக்க ராப் கலைஞரான ஜே-சி தம் 47-ஆம் வயதில், 2017-இல், ஓர் ஆல்பத்தின் பத்துப் பாடல்களையும் நோ ஐ.டி. என்ற ஒரே தயாரிப்பாளரோடு உருவாக்கினார். கறுப்பின அமெரிக்கர்களின் பழைய சோல் பாடல்களிலிருந்து வெட்டியெடுத்த இசைத் துணுக்குகளுக்கிடையே நோ ஐ.டி. விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் ஜே-சியால் தம் குடும்பத்தின் காயங்களை அவ்வளவு தாழ்ந்த குரலில் பேச முடிந்தது.

நாஸின் 1994 ஆல்பத்திலேயே ஐந்து தயாரிப்பாளர்கள் இருந்தார்களே என்று தாங்கள் கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர், எல்.இ.எஸ். ஆகிய ஐவரும் பழைய ஜாஸ், சோல் இசைத்தட்டுகளைத் துழாவி வளர்ந்த ஒரே செவியைப் பகிர்ந்துகொண்டவர்கள். தங்களுடைய 11 பேரில் எந்த இருவருக்கும் அப்படியொரு பொது நிலம் இருப்பதாக என் காதுக்குப் படவில்லை. ஒவ்வொரு வகை ரசிகருக்கும் ஒரு பாடல் என்று பங்கு பிரித்ததில், தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே மனிதர் பேசுகிறார் என்ற உணர்வே போய்விட்டது. இந்தப் பழக்கம் தங்களோடு நிற்பதும் இல்லை. மூத்த கலைஞர் ஒருவர் திரும்பி வந்தாலே, அவரை இளமையாகக் காட்ட வேண்டும் என்ற பதற்றம் இத்துறை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. அவரைக் கேட்க வருகிறவர்கள் அவருடைய வயதையும் சேர்த்தே கேட்க வருகிறார்கள். பீட் அமைத்தவர்களின் பெயர்களைக்கூடச் செயலியில் மூன்று பக்கம் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் இது நியாயமில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த ஆல்பத்துக்கு ஒரே தயாரிப்பாளர், அவரும் கலைஞரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பீட்டுகள் என்பதைப் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகுமென்றால், நான்காம் பாடலை அவர் முதலில் பாடிய அந்தப் பீட்டோடு இப்போதே வெளியிடுங்கள். அந்தப் பதிவு தங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அவருடைய முதல் ஆல்பத்திலிருந்து கேட்டு வரும் ஒரு ரசிகன்