மூன்றாவது சாவி யாரிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாக்செயின் (யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாதபடி பல கம்ப்யூட்டர்களில் பதியும் கணக்குப் புத்தகம்) சந்தைகள் வந்துவிட்டால் ஆன்லைன் கம்பெனிகளுக்குக் கமிஷன் அழ வேண்டியதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேரணாம்பட்டில் தோல் பர்ஸும் பெல்ட்டும் தைத்து ஆறு வருடமாக ஆன்லைனில் விற்கிறேன். கமிஷன் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல, ரிட்டர்ன்.

போன ஆடியில் ஒரு பர்ஸ் திரும்பி வந்தது. பிரித்தால், நான் அனுப்பியது இல்லை. மடிப்பில் ரெக்சின் உரிந்த, யாரோ வருஷக்கணக்கில் பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்த பர்ஸ். உள்ளறையில் கசங்கிய பஸ் டிக்கெட் வேறு. போட்டோ எடுத்து அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று இரண்டு நாளில் பதில். நிராகரித்தது ஆளா, மெஷினா என்று கேட்கக்கூட ஒரு போன் நம்பர் கிடையாது.

சரி, கட்டுரையாளர் சொல்லும் சந்தையில் இது எப்படித் தீரும்? 2016ல் வந்த ஓப்பன்பஜார் என்ற அந்த மாதிரி ஆன்லைன் சந்தையை எடுத்துக்கொள்வோம். கடை போடக் கட்டணம் இல்லை. வாங்குபவர் கட்டும் பிட்காயினை, அதாவது டிஜிட்டல் பணத்தை, மூன்று சாவி கொண்ட பூட்டுக்குள் வைக்கலாம். விற்பவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று, இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் ஒன்று. இரண்டு சாவி சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். ஆக, தகராறு என்று வந்தால் அங்கேயும் தீர்ப்புச் சொல்வது ஓர் ஆள்தான். அவருக்கும் கூலி உண்டு. பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பது பிளாக்செயினில் அழியாமல் இருக்கும். பார்சலுக்குள் இருந்தது என் பர்ஸா, பிய்ந்த பர்ஸா என்பது அதில் ஏறாதே!

(அந்த ஓப்பன்பஜாரும் 2021 தொடக்கத்தில் மூடிவிட்டது. கட்டணம் வாங்காத கடையை நடத்தவும் காசு வேண்டும் அல்லவா?)

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். 2022 ஏப்ரல் முதல் பிட்காயின் போன்ற கிரிப்டோவில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த ஜூலை முதல் கைமாறும்போது 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி). முந்நூறு ரூபாய் பெல்ட்டுக்கு இந்தக் கணக்கை எல்லாம் யார் எழுதுவது?

பொய்கை மாட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார். அதில் என் அப்பாவுக்குக் கோபம்தான். ஆனாலும் சொன்ன அளவு மாடு கறக்கவில்லை என்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்கே நேரே போய் அவரைப் பிடித்துக் கேட்பார்.

இடைத்தரகர் ஒழிந்தார் என்று எழுதிய கட்டுரையாளர், திரும்பி வரும் பார்சலை யார் பிரித்துப் பார்ப்பார் என்பதையும் அடுத்த இதழில் எழுதினால் நல்லது. அந்தப் பழைய பர்ஸ், டிக்கெட்டோடு, இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தோல் பொருள் விற்பனையாளர் ஒருவர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.