பொன்னுக்கு வீங்கி வந்த பங்குனி

பாலக்கோடு,
ஞாயிறு காலை

அன்புள்ள மகனுக்கு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். அம்மாவுக்குத் தெரியாது.

போன வாரம் மருமகளை அம்மா தீர்த்தமலைக்கு அழைத்துப்போய் ராமர் தீர்த்தத்தில் குளிக்கவைத்தாள். மறுநாள் தருமபுரியில் லேடி டாக்டர். திரும்பி வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து, பஞ்சு ஒட்டிய வலக்கையை மடக்கியபடி இடக்கையால் காப்பி குடித்தாள். முந்தைய ஊசி குத்திய இடம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. "எத்தனையாவது தடவை, கண்ணு?" என்றேன். "ஐந்தாவது, மாமா" என்றாள். நீ ஒரு தடவையாவது போனாயா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

கல்யாணமாகி மூன்று வருடம். தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் கழிந்தும் கரு தங்காவிட்டால் இருவரையும் பரிசோதிப்பதுதான் முறை. இப்படிக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அவளுக்கு ரத்தம், ஸ்கேன், ஊசி. உனக்கு முதலில் எழுதித் தருவது விந்துப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து, ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். எண்ணிக்கை குறைவாக வந்தால் இடிந்துபோகாதே, இன்னொரு முறையும் பார்ப்பார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த காய்ச்சல்கூட இப்போது கணக்கைக் குறைத்துக் காட்டலாம்.

யூராலஜி டாக்டரிடம் போ, சிறுநீர்ப் பாதையையும் ஆணுறுப்புகளையும் பார்ப்பவர் அவர். கல்லடைப்புக்கு மட்டும்தான் அவர் என்று நானும் நினைத்திருந்தேன். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார், அதைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது. ஜிம்மில் உடம்பு ஏற ஊசி போட்டிருந்தால் மறைக்காதே. ஆண் ஹார்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும்.

இன்னொன்று. பிளஸ் டூ பரீட்சைப் பங்குனியில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது நினைவிருக்கிறதா? அம்மா கன்னத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டாள். ஐந்தாம் நாள் கீழேயும் வீங்கியிருக்கிறது என்று என் காதோடு சொன்னாய். டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கம். பேசாமல் படு என்றேன். பத்து நாளில் வீக்கம் அடங்கியது, பேச்சும் அடங்கியது. வயது வந்தபின் அந்த நோய் வந்தால் விதையைத் தாக்கி விந்தணுவைக் குறைக்கக்கூடும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், முழு மலடு அபூர்வம். ஆனாலும் டாக்டரிடம் சொல். நம் இருவரைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

வெட்கப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தருமபுரி–பெங்களூர் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, சிறுநீரை அடக்கியே பழகியவன் நான். கடைசி நான்கு வருடம் காவேரிப்பட்டணம், சூளகிரி, ஓசூர் என்று நான் இறங்கி ஓடாத இடமில்லை. வயதுக்கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தை மாதம் மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்றிரவு ஒரு சொட்டுகூட வரவில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியவனுக்குச் சில சளி மாத்திரைகள் அடைப்பை உண்டாக்கும். விடியற்காலை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டபோது பையில் 900 மில்லி. "இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்?" என்றார் டாக்டர். பஸ்ஸில் என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

சிறுநீரில் வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் வந்தாலும், விதையில் கட்டி தட்டுப்பட்டாலும் நாள் தள்ளாதே. விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரம்தான் கணக்கு, நள்ளிரவானாலும் ஓடு.

பார்த்துவிட்டு வந்ததும் போன் செய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருப்பாள். புனேயில் நல்ல மழை என்று சொல், நான் புரிந்துகொள்கிறேன்.

உன் அப்பா