வைகைக்குச் சுவர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வைகையின் இரு கரைகளிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதையொட்டிச் சாலையும் போடப்பட்டபோது, இனி வெள்ள பயமில்லை என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 1993 வெள்ளத்தை நேரில் கண்ட எங்களுக்கு அந்த நம்பிக்கை தேவையாகவும் இருந்தது. ஆனால், 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது ஆற்று வெள்ளம் அல்ல. கொட்டித் தீர்த்த மழைநீர், செல்லூர்க் கண்மாயின் உபரிநீரைக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போய்ச்சேர முடியாமல் தெருக்களுக்குள் திரும்பியதே காரணம். முழங்காலளவு நீரில் நின்று அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். வைகையோ கரைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றிலிருந்து ஊரைக் காக்க நினைத்தவர்கள், ஊர்த் தண்ணீரை ஆறு வாங்கிக்கொள்ளவும் வழி வேண்டும் என்பதற்கு அதே அளவு கவனம் தரவில்லை. கரையோரச் சாலைக்கான இடம் பெரும்பாலும் ஆற்றின் அகலத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஒடுங்கிய ஆற்றில் பெருவெள்ளம் வரும்போது நீர்மட்டம் உயரத்தான் செய்யும். மணல் போன படுகையில் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்க, சாக்கடை நீர் அவற்றுக்கு உரமாகிறது.

வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதையும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காக இறைவனே பிட்டுக்கு மண் சுமந்ததையும் ஆவணிதோறும் புட்டுத்தோப்பில் விழாவாகக் கொண்டாடும் ஊர் இது. ஆற்றின் மேல் அன்பும் அதன் வெள்ளத்தின் மேல் அச்சமும் இங்கே ஒன்றாகவே இருந்தன. இன்றோ, சுவர் மறைத்துவிட்டதால் கண்ணில் படாத ஆற்றுக்குள் கோழிக்கழிவு மூட்டையைச் சுவருக்கு மேலாக வீசிவிட்டு வண்டியை நிறுத்தாமலே போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சித்திரையில் அழகர் இறங்கும் நாளுக்காகத் துப்புரவாகும் ஆறு, அடுத்த வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

சுவரை இடிக்கச் சொல்லவில்லை. மக்கள் ஆற்றருகே போய்வரப் பழைய படித்துறைகளைத் திறந்துவிட வேண்டும். எஞ்சியிருக்கும் அகலத்தில் இனி ஓர் அடியைக்கூடக் கட்டுமானத்துக்கு விடக்கூடாது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக்கூடாது. வைகை அணை 66, 68.5, 69 அடியை எட்டும்போது கரையோர மக்களுக்கு முறையே மூன்று எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. செல்லூர்க் கண்மாய் மறுகால் பாயும்போது வாய்க்காலோரம் குடியிருப்பவர்களுக்கும் அப்படி ஓர் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், பந்தல்குடி வாய்க்கால் வைகையில் சேரும் இடத்தில் அடைத்துக்கிடக்கும் ஆகாயத்தாமரையையும் நெகிழிக் குப்பையையும் அகற்றித் தருமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.