எதிர்வீட்டு ஃப்ரீசரில் பிழைத்த நூல்கள்: ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 26 அன்று ரோச் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்ததையும் அதற்குப் பின்னான நாட்களையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்ல இம்மடலை எழுதவில்லை. வீட்டுச் சுவர்கள் இன்னும் காயவில்லை. ஆனால் இங்கிலாந்தின் ராச்டேல் நகரின் வரலாற்றைத் தமிழில் எழுதுவதற்காக நான் பதினொரு ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவை பிழைத்ததற்குக் காரணம் எங்கள் எதிர்வீட்டு அம்மையார். எட்டு ஆண்டுகளாக மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் நாங்கள். நீர் வடிந்து மின்சாரமும் திரும்பிய காலையில், கீழ்த்தட்டு நூல்களை வாசலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த நான் முயன்றுகொண்டிருந்தபோது, வெள்ளம் ஏறாத மேட்டுப் பக்கத்திலிருந்து அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "திறக்காதீர்கள். நனைந்த தாளைப் பிரித்தால் கிழியும். இப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். மூடியபடியே என்னிடம் கொடுங்கள்" என்றார். இளவயதில் சில ஆண்டுகள் அவர் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவர் என்பதும், அங்கே குழாய் உடைந்து நனைந்த நூல்களை உறையவைத்துக் காப்பாற்றினார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய ஃப்ரீசர் கிறிஸ்துமஸ் உணவால் நிறைந்திருந்தது. மின்சாரம் நின்றதில் அதில் பாதி இளகியும் இருந்தது. அவர் அனைத்தையும் வெளியே எடுத்து, பகல் முழுவதும் சமைத்து, தெருவில் அடுப்பெரியாத வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். காலியான இடத்தில், கேக் சுடுவதற்கு விரிக்கும் தாளில் ஒவ்வொரு நூலையும் சுற்றிப் பையிலிட்டு, முதுகுப் பக்கம் கீழே இருக்குமாறு நெருக்கமாக அடுக்கினார். ஈரம் உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மை மேலும் பரவாது. பிறகு ஒன்றிரண்டாக எடுத்து, தாள்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து, விசிறிக் காற்றில் நிதானமாக உலர்த்தலாம். பளபளப்புத் தாளில் அச்சான ஆலை வரலாற்றுச் சிறுநூல்கள் சில மட்டும் அதற்கு முன்பே செங்கல் போல ஒட்டிப்போயிருந்தன. அவற்றையும் எறிய அவர் விடவில்லை.

கடந்த வாரம் முதலில் வெளியே எடுத்தது, ராச்டேல் முன்னோடிகளைப் பற்றி ஹோலியோக் எழுதி 1858-இல் நூலாக வந்த வரலாற்றின் பிந்தைய பதிப்பு. 1844 டிசம்பர் 21 மாலை, 28 பவுண்டு முதலோடு, டோட் லேன் 31-ஆம் எண் கட்டடத்தில், வெண்ணெயும் சர்க்கரையும் கோதுமை மாவும் ஓட்ஸ் மாவும் மெழுகுவர்த்தியும் வைத்து 'முன்னோடிகள்' என்று பெயர்பெற்ற நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடையின் கதை அது. உறுப்பினர் வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தைப் பங்கிட்ட முறையை விவரிக்கும் பக்கத்தை அவருடைய சமையலறை மேசையில் உலர்த்திக்கொண்டிருந்தபோது, அவர் திடீரென்று ஓர் எண்ணைச் சொன்னார். அது அவருடைய தாயாரின் கூட்டுறவு உறுப்பினர் எண். அந்தப் பங்குத்தொகையை இவ்வூரார் 'டிவி' (divi, 'டிவிடெண்ட்' என்பதன் சுருக்கம்) என்பார்கள். கடைக்கு அனுப்பப்படும் சிறுமி அந்த எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் குடும்பக் கணக்கில் பங்கு சேரும் என்பதால், வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவாராம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது அவர் நாவில் அப்படியே இருந்தது. பங்கு பிரித்த கணக்கைப் பல நூல்களில் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கு ஒரு குழந்தையின் உதட்டில் இருந்ததை எங்கும் படித்ததில்லை.

திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய டி.யு.சி.எஸ். (திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்) கடையில் அம்மாவுக்காகச் சர்க்கரை வாங்க வரிசையில் நின்ற சிறுவன் நான். அந்தக் கடைக்கு வழிகாட்டிய கருத்து இந்த நெசவாளர் ஊரில் பிறந்தது என்று பின்னாளில் அறிந்ததே என்னை இந்நூல்களிடம் கொண்டுவந்தது. அன்று அந்த மேசையில் பேச்சு வராமல் நான் உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை மான்செஸ்டரிலிருந்து ஏற்றி வந்த தம்பிக்கும், மூன்று நாள் சேறு அள்ளிய இளைஞர்களுக்கும், சோறும் குழம்பும் சுமந்து வந்த குடும்பங்களுக்கும், அழிந்துபோன என் குறிப்பேடுகளுக்கு ஈடாகத் தங்களிடம் இருந்த பழைய கடிதங்களையும் படிகளையும் ஊரிலிருந்து அனுப்பியவர்களுக்கும், தொகை அனுப்பிப் பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் ஒருவரையும் மறக்கவில்லை.

முன்னோடிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, கடை மாடியில் நூலகமும் செய்தித்தாள் அறையும் நடத்தியவர்கள். அவர்களைப் பற்றிய நூல்களை என் வீட்டுக் கீழ்த்தட்டில் பூட்டி வைத்திருந்தது பிழை என்று இப்போது உணர்கிறேன். உலர்ந்து வரும் ஒவ்வொரு நூலும் இனி கேட்பவருக்கு இரவல் தரப்படும். நின்றுபோன தமிழ் நூலையும் எழுதி முடிப்பேன். அதன் முதல் பக்கத்தில் அந்த உறுப்பினர் எண்ணை அச்சிட அம்மையாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தாயார் கேட்டால் சிரிப்பார் என்று சொல்லிச் சம்மதித்தார்.

இம்மடலை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டப்போகிறேன். பழைய குடும்பங்களையும் தேவாலயங்களையும் நிலங்களையும் பற்றி ஃபிஷ்விக் 1889-இல் வெளியிட்ட தடித்த வரலாறு இன்னும் அவருடைய ஃப்ரீசரில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அதை வெளியே எடுக்கிறோம். உறிஞ்சுதாள் நிறைய வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

ராச்டேல்,
ஜனவரி 2016