தகவல் எந்த மேசையில் நின்றது?

அன்புள்ள இளங்கோவுக்கு,

மயிரிழையில் தப்பிய போர்களைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போவதாகவும், சோவியத் அதிகாரி பெத்ரோவிலிருந்து தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தொடங்கு. ஆனால் ‘ஒரு தனி மனிதர் உலகைக் காப்பாற்றினார்’ என்று சொல்லி முடித்துவிடாதே. கைதட்டல் கிடைக்கும், பிள்ளைகளுக்கு விஷயம் கிடைக்காது.

1983 செப்டம்பர் 26 நள்ளிரவு கடந்த நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற கண்காணிப்பு நிலையம். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணையும், பின்னாலேயே மேலும் நான்கும் கிளம்பியதாகச் செயற்கைக்கோள் அமைப்பு காட்டியது. உயரமான மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளிதான் அது. ஒளியும் கோளின் பார்வைக் கோணமும் ஒத்துப்போனதில், ஏவுகணையின் நெருப்பு என்று கணினி எடுத்துக்கொண்டது. கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதையும் நம்பத் தயாரான காலம். அங்கே பணியிலிருந்த பெத்ரோவ் மூன்று விஷயங்களைக் கவனித்தார். முதல் அடி அடிக்கிறவன் ஐந்தோடு நிறுத்த மாட்டான். அமைப்பு புதிது, இன்னும் பழகவில்லை. தரை ரேடாரில் எதுவும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஏவும் பொத்தான் அவர் கையில் இல்லை. செய்தி சொல்வதுதான் அவர் வேலை. அதைச் சரியாகச் செய்தார் என்பதே போதுமான பெருமை.

அந்த மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் வெப்பத்தைப் பார்க்கிறது, ரேடார் பொருளைப் பார்க்கிறது. ஒன்றை ஏமாற்றுவது மற்றதை ஏமாற்றாது. ஒரே மாதிரி இரண்டு கருவிகளை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஏமாறும்.

ரேடார் மட்டும் ஏமாறாதா என்று ஒருவன் கேட்பான். 1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தில் தூலே என்ற அமெரிக்கத் தளத்து ரேடார், நார்வேப் பக்கம் எழுந்த நிலவைச் சோவியத் ஏவுகணைக் கூட்டம் என்று அறிவித்தது. அலை நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு தொலைவிலிருந்து எதிரொலி வரும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கணினி அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளாகக் கணக்கிட்டது. அப்போது சோவியத் தலைவர் குருஷேவ் நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்தில் இருந்தார். தலைவர் உட்கார்ந்திருக்கும் ஊரின் மேலேயே யாரும் குண்டு போடுவார்களா என்ற சந்தேகம் பலரை நிதானிக்க வைத்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் 1980 ஜூன் 3. இதில் வீரன் யாரும் கிடையாது, அதனாலேயே பெரிதாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க எச்சரிக்கை மையமான நோராட், தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மற்றத் தலைமையகங்களுக்கு இடைவிடாமல் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. உண்மையான தாக்குதல் அறிவிப்பின் அதே வடிவம். ஏவுகணை எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் மட்டும் பூஜ்யங்கள். 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் பழுதாகி, பூஜ்யத்துக்குப் பதில் அங்கங்கே 2 போட ஆரம்பித்தது. திரையில் 2 ஏவுகணை, 200, 2,200 என்று ஏறியது. குண்டுவீச்சு விமானங்களின் எஞ்சின்களை ஓட்டிவைக்கச் சொல்லியாயிற்று. ஆனால் ஒரு தலைமையகத்துத் திரையும் இன்னொன்றின் திரையும் ஒத்துப்போகவில்லை. செயற்கைக்கோளையும் ரேடாரையும் நேரடியாகக் கேட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று நாள் கழித்து அதே பழுது திரும்ப வந்தது. பிறகுதான் சோதனைச் செய்தியின் வடிவத்தை மாற்றினார்கள். வழியில் எண் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பையும் சேர்த்தார்கள். வணிகக் கணினிகளில் அப்போதே சாதாரணமாக இருந்த ஏற்பாடு அது!

அதற்கு ஏழு மாதம் முன்பு, 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்கான தாக்குதல் காட்சி நிஜக் கணினிக்குள் புகுந்துவிட்டிருந்தது. பயிற்சியும் நிஜமும் ஒரே கம்பியில் ஓடினால் என்றாவது ஒருநாள் இது நடக்கும். அதன்பின் சோதனைகளுக்கென்று தனி இடம் அமைத்தார்கள்.

கருவிக் கோளாறு இதோடு போதும். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் கடினம்: முன்கூட்டியே சொல்லியும், கேட்க வேண்டியவர் காதில் விழாமல் போவது.

1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடியின் மிக மோசமான நாள். சோவியத் நீர்மூழ்கி பி-59-ஐ மேலே வரவைக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சிறிய பயிற்சி வெடிகளைக் கடலில் போட்டன. ‘இப்படி வெடி போட்டால் மேலே வா என்று அர்த்தம்’ என மாஸ்கோவுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். மாஸ்கோ வரை போன அறிவிப்பு நீர்மூழ்கிக்குப் போகவில்லை. உள்ளே பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, வெப்பம் 45 டிகிரிக்கும் மேல், காற்று கெட்டுப்போயிருந்தது. சின்ன வெடியா பெரிய வெடியா என்று அங்கே யாருக்குத் தெரியும்? போர் தொடங்கிவிட்டது என்று கேப்டன் சவீத்ஸ்கி நினைத்தார். கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ (நீருக்குள் பாயும் குண்டு) ஒன்று இருந்தது. மேலே நின்ற அமெரிக்கர்களுக்கு அது தெரியாது. படைப்பிரிவின் தலைமை அதிகாரியாக உடனிருந்த அர்ஹிபோவ் அவரைத் தணித்து மேலே வரச் செய்தார். அவரைப் பாராட்டட்டும். அதோடு, அறிவிப்பு எந்த மேசையில் நின்றது என்றும் கேட்கட்டும்.

1995 ஜனவரி 25 அன்றும் இதே கதைதான். துருவ ஒளியை ஆராய நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து நான்கு அடுக்கு ராக்கெட் ஒன்று கிளம்பியது. ரஷ்யா உட்பட முப்பது நாடுகளுக்கு முந்தைய மாதமே கடிதம் போயிருந்தது. ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் அது சேரவில்லை. நீர்மூழ்கியிலிருந்து வரும் ஏவுகணையாக இருக்குமோ என்று ரஷ்ய அதிபர் யெல்த்சினின் அணு ஆயுதப் பெட்டியைத் திறக்கும் அளவுக்குப் போயிற்று. ராக்கெட் வேறு திசையில் விலகுவது சில நிமிடங்களில் தெரிந்தது.

நம் பக்கத்தில், 2022 மார்ச் 9. இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிமுனை பொருத்தப்படவில்லை, யாரும் சாகவில்லை. இந்தியா 11-ஆம் தேதிதான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு நாள் தாமதம் எனக்கு உறுத்துகிறது. ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று இரு நாடுகளும் 2005-இல் செய்த ஒப்பந்தம் உயரே எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. பிரம்மோஸ், விமானம்போலப் பறந்து செல்லும் குரூஸ் வகை. சோதனையே அல்லாமல் தவறிக் கிளம்புவதற்கு எந்த முன்னறிவிப்பு ஒப்பந்தமும் உதவாது. உடனே பேச ஒரு வழியும், பேசும் மனமும் வேண்டும். மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள்.

வாஷிங்டன்–மாஸ்கோ நேரடித் தொடர்பு 1963-இல் வந்ததைச் சொல்லும்போது சிவப்புத் தொலைபேசியைக் காட்டாதே. அது டெலிபிரிண்டர். அவரவர் மொழியில் எழுத்தாக அனுப்புவார்கள். குரலின் கோபம் கலக்காது, மொழிபெயர்க்கவும் யோசிக்கவும் அவகாசம் இருக்கும்.

நேரம் மிஞ்சினால் 1904-ஐச் சொல். ஜப்பானோடு போரிடப் போய்க்கொண்டிருந்த ரஷ்யக் கடற்படை, அக்டோபர் 21 இரவு வடகடலில் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டது. தங்கள் கப்பலையே சுட்டுக்கொண்டார்கள். பிரிட்டன் போருக்குக் கிளம்பும் நிலை. ஐந்து நாட்டு அட்மிரல்கள் பாரிஸில் கூடி விசாரித்தார்கள். டார்பிடோ படகே அங்கு இல்லை, சுட்டது நியாயமில்லை என்று எழுதிவிட்டு, ரஷ்ய அட்மிரலின் திறமைக்கும் மனிதத்தன்மைக்கும் இதனால் இழுக்கில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி இருந்ததால் ரஷ்யா முகம் சுளிக்காமல் 66,000 பவுண்டு இழப்பீட்டைக் கட்டியது என்பது என் எண்ணம். உன் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா