ஏழு மாதப் பொறுமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நோயின் மூலகாரணத்தையே தேடிச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்ளும் 'ஃபங்ஷனல் மெடிசின்' என்ற முறை பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். 'பலன் கிடைக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் பொறுமை இல்லாதவர்கள்' என்று அதில் ஒரு வரி. முப்பத்தொரு ஆண்டுகள் வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பொறுமையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

என் மனைவி ஏழு மாதம் பொறுமையாக இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். 'மாத்திரையே வேண்டாம், நோயின் வேரைப் பிடுங்கலாம்' என்றார்கள் கோவையில் ஒரு ஃபங்ஷனல் மெடிசின் மையத்தில். கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறினோம். அந்த மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் உட்காரவைத்துத் தூக்கம், பசி, மனக்குறை எல்லாம் கேட்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். பிறகுதான் பில் வந்தது. 'ஃபங்ஷன்' என்றால் எங்கள் பக்கம் கல்யாணமும் காதுகுத்தும்தான். செலவைப் பார்த்தபோது பெயர் பொருத்தமாகவே இருந்தது.

உணவு ஒவ்வாமைக்கென்று இரத்தம் எடுத்து, ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து ஒரு பட்டியல் தந்தார்கள். அரிசி, தயிர், தேங்காய் எல்லாம் சிவப்பு. என் மனைவி வாழ்நாளில் கண்டிராத சால்மன் மீனும் அவகாடோவும் பச்சை. தினமும் தின்பதெல்லாம் சிவப்பாகவும் தின்னாததெல்லாம் பச்சையாகவும் இருக்கிறதே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை, உடல் ஓர் உணவைச் சந்தித்திருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது என்று கனடாவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2012லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. தாங்கள் அறியாததா?

அதுகூடப் போகட்டும். கொடுத்த ஒன்பது டப்பாக்களில் ஒன்று தலைமுடிக்கு. அதில் பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள். மூன்றாம் மாதம் சோதித்தபோது, தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் அளவு குறைந்திருந்தது, தைராய்டு சுரக்கும் டி4 கூடியிருந்தது. 'பாருங்கள், சுரப்பி விழித்துக்கொண்டது' என்று சொல்லி மாத்திரையைப் பாதியாக்கினார்கள். நானும் கைகூப்பினேன். அடுத்த மாதங்களில் அவர் முகம் வீங்கியது, குரல் கரகரத்தது, சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். 'நச்சு வெளியேறுகிறது, பொறுமையாக இருங்கள்' என்றார்கள். இருந்தோம்.

கடைசியில் இங்குள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில், என் மாணவர்களைவிட இளைய ஒரு பெண் மருத்துவர், அந்த இரண்டே நிமிடத்தில் கேட்டார்: 'அம்மா, முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' அதை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துச் சோதித்தால் டிஎஸ்ஹெச் எங்கேயோ ஏறி நிற்கிறது. பயோட்டின் மிகுந்தால் சில பரிசோதனைக் கருவிகள் இப்படித் தலைகீழாகக் காட்டுமாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017லேயே எச்சரித்த விஷயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. உணவுப் பொருளுக்கான உரிமம், விலை மட்டும் மருந்துக்கு மேல்.

1991இல் அமெரிக்காவில் இந்த ஃபங்ஷனல் மெடிசினுக்கென்று கழகம் தொடங்கிய ஜெஃப்ரி பிளாண்ட் வேதியியல் முனைவர், மருத்துவர் அல்ல. அந்த நாட்டின் சிறப்பு மருத்துவப் பிரிவுகளின் பட்டியலில் இது இன்றுவரை இல்லை. கட்டுரையாளருக்கு இதற்கு இடம் போதவில்லை போலும். அவருடைய புகைப்படத்துக்குப் போதியிருக்கிறது.

எங்கள் ஊரில் சுகாதாரத் துண்டறிக்கைகள் மலையாளத்தில் வருகின்றன. நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். என் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான். மருத்துவம் என்றால் அவருக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பு சொன்னதே வேதம். அந்த மையத்தின் பெயரை அவர் முதன்முதலில் பார்த்ததும் தங்கள் பத்திரிகையின் கால்பக்க விளம்பரத்தில்தான். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தங்களுக்கு எப்படியோ.

முன்பொரு முறை தமிழகத்தின் ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்குச் சரியாக வருவதில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அது நான்கு வரியாகச் சுருங்கி, 'தமிழகம் தரவில்லை' என்பது 'கேரளம் தரவில்லை' என்று அச்சேறியது. டீக்கடையில் இன்றும் கேட்கிறார்கள். திருத்தம் கேட்டு அனுப்பிய அஞ்சலட்டைக்குப் பதிலில்லை. அதற்கும் பொறுமையாகத்தான் இருக்கிறேன்.

இந்த முறையும் நான்கு வரிதான் இடம் என்றால் மேலே எழுதிய அத்தனையையும் வெட்டிவிடுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முடிக்கு, நகத்துக்கு என்று சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பயோட்டின் இருந்தால் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துவது பற்றிக் கேட்க வேண்டும், தைராய்டு மாத்திரையைக் குறைக்கச் சொல்பவரிடம் மருத்துவப் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். இவற்றை மட்டும், அதே ஞாயிறு இணைப்பில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். இணைப்பு எங்களுக்குத் திங்கட்கிழமைதான் வந்து சேரும். அன்று படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம். வீட்டில் கோபிப்பார்.)