சிலிண்டர் டெலிவரிக்கு டிப்ஸ்: நம்ம குழுவுக்கு ஒரு தகவல்

எல்லாருக்கும் வணக்கம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு டிப்ஸ் கொடுக்கணுமா, வேண்டாமா என்று நேற்று ராத்திரி நம்ம குழுவில் ஓடிய விவாதத்துக்காக இது. சிலிண்டர் பில்லிலேயே வீட்டு வாசல் வரை கொண்டுவரும் கட்டணமும் அடக்கம். மாடிக்கு எனத் தனியாகக் கிடையாது. 100 கொடுத்தே ஆகணும் என்று யாராவது கறாராகக் கேட்டால் மறுக்கலாம், ஏஜென்சியில் புகாரும் செய்யலாம்.

ஆனால் பி பிளாக்கில் லிஃப்ட் இல்லையே! 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். அதைத் தோளில் சுமந்து மூணு மாடி ஏறுபவருக்கு நாமாகவே 30, 40 கொடுத்தால் தப்பே இல்லை என்பேன். தரைத்தளத்தார் உங்கள் இஷ்டம். (பேரம் மட்டும் வேண்டாமே.)

டிப்ஸ் கொடுத்தாலும் சீல் பார்த்து, எடை போட்டே வாங்குங்கள். சில்லறையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.